யோகம் அக்காவும் வெயிலூர் மாமரமும்

சிட்னியில், எங்கள் லிட்கம் வீட்டுக் குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. தூரத்து ட்ரங் கோல் என்றதும் ஊரில் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று பயந்தேன். பேசியது நியூ சவுத் வேல்ஸின் மேற்குக் கோடியில் உள்ள சுரங்க ஊர் ஒன்றின் மருத்துவமனைத் தாதி. டொக்டர் யோகேஸ்வரி முதல்நாள் பின்னேரம் காலமாகிவிட்டார் என்றாள். குளித்த தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தவர் பிறகு எழும்பவே இல்லையாம். நீங்கள்தானே அவருடைய சிட்னி ஆட்கள் என்று அவள் கேட்டாள். ஐந்து வருடமாக அந்த வாசலை மிதிக்காத நாங்கள் எந்த முகத்தோடு அவருடைய ஆட்கள் என்று சொல்லிக்கொள்வது?

நாங்கள் எழுபத்திரண்டில் வந்திறங்கியபோது சிட்னியில் இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். அன்று இருந்தவர்களுக்கு யோகம் அக்காவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர். கல்யாணம் செய்யவில்லை, ஏன் என்று கேட்கத் துணிந்தவர்களும் இல்லை. வேறு டொக்டர்மார் போக மறுத்த ஊருக்கு, சூட்கேஸ் ஒன்றோடும் ஒரு சீட்டுக்கட்டோடும் போனவர். நாக்கு கூர்மையானது, ஆனால் வாசலுக்கு வந்த எவரையும் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. நம் வீடுகளில் யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும் முதல் கோல் அவருக்குத்தான் போகும்.

அந்த ஊரில் மழை என்பது விருந்தாளி. கோடையில் காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் வரும். குளிர்கால விடியலில் பார்த்தால் புல்லில் உறைபனி வெள்ளையாய்க் கிடக்கும். அங்கே போய் அவர் மாங்கன்று நட்டார். குயின்ஸ்லாந்திலிருந்து தருவித்த முதல் கன்றுகளை நம் ஊரில் வைப்பதுபோல் வெட்டவெளியில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாராம். காற்று அவற்றை ஒரே வாரத்தில் அப்பளமாக்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஜாக், சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற கிழவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தாராம். அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது.

முதலில் குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் வாழையும் பப்பாசியும் வைத்தார். அவை எழும்பி நிழல் விழுந்த பிறகுதான் அதற்குள் ஒரே ஒரு மாங்கன்றை வைத்தார். அடியில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல். மேற்குப் பக்கம் கம்புகள் நட்டு, சாக்குகளைத் தைத்துத் திரை கட்டினார். வாரத்துக்கு ஒருமுறை மட்டும், பழைய குழாய் வழியே மண்ணுக்குள் ஆழமாகத் தண்ணீர். "தண்ணி மரத்துக்கில்லை, மண்ணுக்கு" என்பார். காலை வெயிலை மரம் தாங்கும், பின்னேர வெயில்தான் பட்டையை அவிக்கும் என்பதும் அவர் அடிக்கடி சொல்வது. உறைபனிக் காலத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று நான் ஒருமுறை போனில் கேட்டேன். "நான் ஆக்களை நித்திரையாக்கிறவள். இந்த மரத்தையும் போர்த்து நித்திரையாக்கிப் போட்டு, இளவேனிலிலை எழுப்புவன்" என்றார்.

அந்த மரம் அவருக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. மெல்பேணில் இருந்த தம்பி, வயது போகிறது, என்னோடு வந்து இரு என்று அரித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குத் தம்பி வீட்டு அறையொன்றில் முடங்க விருப்பமில்லை. இந்த மரம் ஒரு பழம் தந்தால் நான் இந்த ஊருக்கே சொந்தம், தராவிட்டால் மெல்பேணுக்கு மூட்டை கட்டுவேன் என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் அதைச் செய்தோம்.

ஐந்து வருடத்துக்கு முந்திய தைப்பொங்கலுக்கு இரண்டு கார்களில் போனோம். மரத்தில் முதன்முதலாகக் காய் பிடித்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று அவர்தான் அழைத்தார். மரம் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. இலைகளுக்குள் சில காய்கள், கோழிமுட்டை அளவில். ஆனால் எங்கள் கண் காயில் நிற்கவில்லை, இலையில்தான் நின்றது. சிட்னிக்கு வந்த நாளிலிருந்து எலுமிச்சை இலையையும், பச்சைக் கடதாசியில் வெட்டிய இலையையும் கும்பத்தில் வைத்து அலுத்தவர்கள் நாங்கள். நிசமான மாவிலையைக் கண்டதும் புத்தி பேதலித்துவிட்டது.

பொங்கலன்று விடிய, அவசர அறுவைச் சிகிச்சை ஒன்றுக்கு அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் வருமுன் வாசலை அலங்கரித்து அவரை மலைக்க வைப்போம் என்று என் கணவர் சொன்னார். நம் ஊரில் மாங்காய் பறிக்கத்தான் வீட்டுக்காரரைக் கேட்பார்கள். மாவிலைக்கு யார் கேட்பது? வேலிக்கு மேலால் கையை நீட்டி ஒடித்துக்கொண்டு போவதுதான் வழக்கம். மரம் ஒரு மழைக்குத் திரும்பத் துளிர்த்துவிடும். அந்த வழக்கத்தை, மழையே இல்லாத ஊருக்கும் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். கைக்கெட்டிய மேற்குப் பக்கத்தில் தளிர், முற்றல் என்று பாராமல் பறித்தோம். முன்வாசல், பின்வாசல், குசினி வாசல் எல்லாவற்றுக்கும் தோரணம். மாலை கோக்கும்போது நான்தான் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன்.

அதோடு விட்டோமா? ஆஸ்திரேலியாவில் மாமரம் என்று யாழ்ப்பாணத்துக்குப் படம் அனுப்ப ஆசை வந்துவிட்டது. சாக்குத்திரை படத்துக்கு அசிங்கமாக இருக்கும் என்று அதையும் கழற்றினோம். மரத்தைச் சுற்றி நின்று பல்லைக் காட்டினோம். பிறகு பானைக்குள் பால் விட நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டு உள்ளே ஓடினோம். சாக்கை ஒருவரும் நினைக்கவில்லை. அறுவைச் சிகிச்சை நீண்டு, அக்கா திரும்பி வந்தபோது பின்னேரமாகிவிட்டது. இடைப்பட்ட நேரம் முழுவதும் அந்த மொட்டைப் பக்கம் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. நாங்கள் உள்ளே விசிறிக்குக் கீழே சீட்டாடிக்கொண்டிருந்தோம்.

காரை விட்டு இறங்கியவர் வாசல் தோரணத்தைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் வீட்டுக்குள்ளால் நடந்து பின்னால் போனார். நான் சிரித்துக்கொண்டே பின்னால் போனேன்; அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவர் தண்டின் மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல்காரனின் நெற்றியில் வைப்பதுபோல. உடனே கையை எடுத்துக்கொண்டார். ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. சாக்குகள் காற்றில் பறந்து எங்கேயோ போயிருந்தன. போர்த்த நூல்துணி ஏதாவது இருக்கிறதா பிள்ளை என்று மட்டும் கேட்டார்.

என் பையில் பொங்கலுக்கென்று வாங்கிய கைத்தறிச் சேலை இருந்தது. இன்னும் உடுக்கவில்லை. நான் ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்தை அவர் கண்டுவிட்டார்.

"வேண்டாம் பிள்ளை. அது புதுசு" என்று சொல்லிவிட்டுத் தன் கட்டிலில் இருந்த விரிப்புகளை உருவிக்கொண்டு வந்தார். அவற்றை நனைத்து மரத்தில் சுற்றினார். சுண்ணாம்பைக் கரைத்துத் தண்டில் பூசினார். எங்களில் யாரையும் கிட்ட விடவில்லை. பிறகு கை கழுவிவிட்டு வந்து எங்களோடு இருந்து பொங்கல் சாப்பிட்டார். நல்ல பதம் என்றும் சொன்னார். அன்றிரவு அவர் வெறும் மெத்தையில் படுத்தார்.

காய்கள் ஒவ்வொன்றாக விழுந்தனவாம். மேற்குப் பக்கத்துப் பட்டை வெடித்து உரிந்ததாம். அந்தக் குளிர்காலத்து உறைபனியை மரம் தாண்டவில்லை. என் கணவர் போன் எடுத்து, தயங்கித் தயங்கி விசாரித்தபோது, "மரம் போயிட்டுது. அது கிடக்கட்டும், மகளுக்கு இருமல் சுகமோ?" என்று கேட்டிருக்கிறார். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் நாங்கள் அழுது, மன்னிப்புக் கேட்டு, அடுத்த தைக்கும் போயிருப்போம். ஏசாததால் போக முகம் இல்லை. வெட்கப்பட்டவர்கள் செய்யும் மட்டமான வேலையைத்தான் நாங்களும் செய்தோம், ஒளித்துக்கொண்டோம். அவரோ ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் தவறாமல் கோல் எடுத்தார். "இந்த முறை வாறியளோ, பிள்ளை?" கார் சரியில்லை என்றேன். பிள்ளைக்கு அம்மாள் வருத்தம், உடம்பெல்லாம் கொப்பளம் என்றேன். லீவு கிடைக்கவில்லை என்றேன். கார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கார்தான் இந்த முறை எங்களை அவருடைய செத்தவீட்டுக்குக் கொண்டுபோனது.

மெல்பேணிலிருந்து தம்பி வந்திருந்தார். கிரியைக்குக் கும்பம் வைக்க வேண்டும், மாவிலைக்கு எங்கே போவது என்று அவர் என்னிடம் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, எலுமிச்சை இலை போதும் என்றேன். மாவிலை என்ற சொல்லை அந்த வீட்டில் என் வாயால் சொல்ல முடியவில்லை. என்ன தேடுகிறீர்கள் என்று ஜாக் கிழவர் விசாரித்தார். தம்பி சொன்னதும், வாருங்கள் என்று எங்களை வீட்டின் கிழக்குப் பக்கத்துக்கு அழைத்துப் போனார்.

அங்கே ஒரு மாமரம் நின்றது. உயரமில்லை, குடை பிடித்ததுபோல் அகலம். அடிக்கொப்புகளை வெட்டாமல் விட்டிருந்ததால் அவை நிலம்வரை தொங்கித் தண்டை மறைத்திருந்தன. சாக்குத்திரையும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. தன் நிழலிலேயே நிற்கும்படி டொக்டர் அதை வளர்த்தார் என்றார் ஜாக். பழைய மரம் பட்டுப்போன அடுத்த இளவேனிலில் நட்டதாம். பூத்தபோதெல்லாம் பூவைக் கிள்ளி எறிந்துவிடுவாராம். இலை மட்டும்தான் வேண்டுமாம். பைத்தியமா, பழம் வேண்டாமா என்று ஜாக் கேட்டதற்கு, இது சிட்னி ஆட்கள் பறிக்கிறதுக்கு, அவர்கள் பயப்படாமல் பறிக்கட்டும் என்றாராம். ஒவ்வொரு தை மாதமும் அடியைக் கூட்டி, குழாயைப் பிடித்து இலைகளிலிருந்த செம்புழுதியைக் கழுவி வைப்பாராம். இந்தத் தைக்கும் கழுவினாராம்.

தம்பிக்கு அப்போதுதான் ஏதோ விளங்கியது. "போன வருசமும் கெஞ்சினனான், வா அக்கா எண்டு. மாட்டன், தைக்கு ஆக்கள் வருவினம் எண்டவ. ஆர் வாறது எண்டு நான் கேக்கேல்லை" என்றார். என் கணவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நான்தான் பறித்தேன். கிழக்குப் பக்கத்தில், உள்கொப்பில், கும்பத்துக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை மட்டும். பறிக்குமுன், பறிக்கட்டோ அக்கா என்று வாய்விட்டுக் கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் தேவாரம் என்று நினைத்திருப்பார்கள். இலையில் ஒரு தூசு இல்லை.

வீட்டைத் தம்பி விற்கப்போகிறார். எதையாவது நினைவுக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். சீட்டுக்கட்டு இருந்தது, கதிரை இருந்தது. எதற்கும் நான் கை நீட்டவில்லை. அந்த வீட்டில் போதுமான அளவு எடுத்தாகிவிட்டது. யோகம் அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது, இனிமேல் மார்கழிக் கடைசியில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கப்போகிற அவருடைய அந்தக் குரல்தான். இந்த முறை வாறியளோ, பிள்ளை? வாறன் அக்கா என்று ஒரு வருடமாவது நான் சொல்லியிருக்கலாம்.