தை மாதத்து எடை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் இரும்புப் பட்டறையில் கிரேன் ஓட்டுகிற குணசேகரன், பதினோரு வருஷமாக மார்கழி முழுக்கப் பட்டினி கிடந்தார். ஏதோ வேண்டுதல் என்று நசரத்பேட்டையில் அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள். வேண்டுதலாவது ஒன்றாவது! தை மாதம் கம்பெனியில் மெடிக்கல் செக்கப். சர்க்கரை ஏறியிருந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். முப்பதடி உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து பழகிய மனுஷனுக்கு அது மானம் போகிற காரியம்.

ஆகவே காலையில் மோர், மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி தண்ணீர். எட்டுக் கிலோ இறங்கும். ரிசல்ட் வந்த அன்றே பிரியாணி. சித்திரைக்குள் பத்துக் கிலோ ஏறிவிடும். இதில் பெருமை வேறு. மனைவி கோமளா தலையில் அடித்துக்கொள்வாள்.

போன தையில், முதலுதவி அறை நர்ஸ் சரசா அவருடைய பழைய கார்டுகளைப் புரட்டினாள். ஒவ்வொரு தையிலும் எடை இறங்கியிருந்தது; நடுவில் காயம், காய்ச்சல் என்று வந்தபோதெல்லாம் ஏறியிருந்தது. சந்தேகப்பட்டு, மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்டையும் எடுக்கவைத்தாள். குட்டு வெளிப்பட்டது.

"அண்ணே, பட்டினி கெடந்தா கொழுப்பு மட்டும் போவாது, சதையும் சேந்து போவும். திரும்பி வரது முக்காவாசி கொழுப்புதான். சக்கரைய இஸ்துக்கறதே அந்த சதைதாண்ணே. அது கொறைஞ்சா சக்கரை ரத்தத்துலயே நின்னுக்கும். எல்லாருக்கும் இப்டி ஆவும்னு இல்ல. உங்களுக்கு ஆயிருக்கும்னு டாக்டர் சொல்றாரு."

"எழுதாதம்மா. கிரேன் போச்சுன்னா நான் செத்தேன்."

எழுதிவிட்டாள்.

அவர் தரைக்கு வந்தார். கிரேனுக்குக் கீழே நின்று சுமைக்குக் கொக்கி மாட்டுகிற ஜெகனோடு சேர்ந்து அதே வேலை. சரசா தன் வயிற்றில் அடித்துவிட்டாள் என்று ஷெட் முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஆனாலும் மாத்திரை போட்டார். கோமளா அளந்து வைத்த சோறு, சுண்டல், முட்டை என்று மூன்று வேளையும் சாப்பிட்டார். ஷிப்ட் முடிந்து தினமும் நடந்தார். எடை மெல்ல இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது.

ஒருநாள் கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்தார். இரண்டு டன் இரும்பு தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஜெகனைத் திரும்பிப் பார்த்தார். சரசாவை ஏசுவதை அன்றோடு விட்டார்.

இந்தத் தையில் சர்க்கரை கட்டுக்குள் வந்து, கிரேன் திரும்பக் கிடைத்தது. ஏறுவதற்கு முன் நேரே முதலுதவி அறைக்குப் போனார்.

"சரசா, இது என் பொண்டாட்டிக்கே தெரியாது. நீ எழுதறதுக்கு முந்தின மாசம், மார்கழில, மேல ஒக்காந்துகினு இருக்கசொல்ல கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு. கொக்கில ரெண்டு டன்னு. கீழ ஜெகன். என் பொழப்ப கெடுத்துட்டன்னு ஊரெல்லாம் உன்ன ஏசினேன். நீ என்ன கொலகாரனாவாம தடுத்துகீற, தாயே."