கை நனைத்த கதை

போன வாரம் தாம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் பூரியைக் கையால் எடுக்கப் போனார். பரிமாறுகிறவர் பதறிவிட்டார். "கைய வெக்காத சார், இடுக்கி கீது!" எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் வேலைக்கு வந்த காலத்து மெட்ராஸில் ‘கை வைத்தான்’ என்றால் அடித்தான் என்று அர்த்தம். எங்கள் ஆபீஸில் அதற்கே திருடினான் என்று அர்த்தம். பூரியைப் போய் யார் அடிப்பார்கள், சொல்லுங்கள்.

அது எழுபதுகளின் தொடக்கம். தெற்கேயிருந்து வந்து, மேற்குத் தாம்பரத்தில் சித்தப்பா வீட்டில் தங்கி, மின்சார ரயிலில் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன். முதல் நாளே எதிர் சீட்டுக்காரர் மடியில் துண்டை விரித்துக்கொண்டு, "ஒரு கை கொறையுது சார், வர்றியா?" என்றார். ஐயோ பாவம் என்று அவருடைய கைகளை எண்ணிப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. சீட்டாட ஆள் குறைகிறதாம். நாலு ஸ்டேஷனுக்குள் என் லட்சணம் தெரிந்துபோய், மறுநாளிலிருந்து மூன்று கையோடு ஆடிக்கொண்டார்கள்.

இத்தனை கைகளுக்கும் நடுவில் என் வாழ்க்கையையே ஆட்டிப் பார்த்த கை ஒன்று உண்டு. சேலையூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகளைப் பெண் பார்க்கப் போன நாள் அது. எங்களைப் போலவே அவர்களும் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். காபி, பஜ்ஜி சாப்பிடலாம், தப்பில்லை. ஆனால் இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று ஆகிவிடும். சித்தப்பா வழி நெடுக ஓதிக்கொண்டே வந்தார். "கைய மட்டும் நனைச்சிடாதடா. ஊரப்பாக்கத்துல இன்னொரு பொண்ணு இருக்கு. அதையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

காபி கொண்டுவந்த பெண், என் சட்டைப் பித்தான் தப்பான ஓட்டையில் மாட்டியிருப்பதைப் பார்த்து, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அத்தோடு ஊரப்பாக்கம் எனக்கு மறந்தே போனது. இவள்தான் வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. பஜ்ஜி எண்ணெய் பிசுபிசுத்தது என்று கொல்லைப்புற அடிபம்புக்கு எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது வாத்தியார் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார். துண்டைத் தேடிக்கொண்டிருந்த நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. "கை கழுவிட்டேன் சார்!" என்றேன், மிகுந்த மரியாதையோடு.

அவர் கேட்டது, "தம்பி என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று.

வாத்தியாரின் முகம் சுண்டிவிட்டது. அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. சித்தப்பா மட்டும், பயல் கைகாரன்தான் என்று மெச்சுவதுபோல் என்னைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "கழுவினா என்னப்பா? கை நனைஞ்சுதானே இருக்கு!"

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! சொட்டச் சொட்ட இருந்த கையை, விடை தெரிந்த மாணவனைப் போல உயரத் தூக்கிக் காட்டினேன். வாத்தியார் "இலை போடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ஜெபத்தின் நடுவில் யார் ஆட்சேபம் சொல்ல முடியும்? சாம்பார் ஆறுகிற அளவுக்கு நீளமான ஜெபம். முடிவில் சித்தப்பாவும் பல்லைக் கடித்துக்கொண்டு "ஆமென்" சொன்னார்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. வாத்தியாரும் சித்தப்பாவும் இல்லை. பெண் பார்ப்பதே ஹோட்டலில்தான் என்றாகிவிட்டது. ஸ்பூனும் முள்கரண்டியுமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார்கள். எனக்கும் இரண்டு வருடமாக வலது கை நடுங்குகிறது, எடுத்த சாதம் வாய்க்கு வந்து சேர்வதில்லை. அவள்தான் பிசைந்து ஊட்டுகிறாள், ஊட்டும்போதே என்னைக் கேலியும் செய்கிறாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து எனக்குப் புரையேறுகிறது. இப்போதெல்லாம் எங்கள் இருவருக்கும் சேர்த்து அவள் கைதான் நனைகிறது.