எண்ணெய் பேசி முடிக்கும் வரை

மின்விசிறியை நிறுத்தியாயிற்று. டிவியை நிறுத்தியாயிற்று. முன்னறையில் செய்தித்தாள் புரட்டும் மச்சினனிடம், “மச்சான், அந்தப் பேப்பரும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்” என்று உத்தரவு போயாயிற்று. இப்போது அவர் தட்டிலிருந்து முதல் ரோலை இரண்டு விரலால் எடுக்கிறார், ஒரு தடவை ஊதுகிறார், கண்ணை மூடிக்கொண்டு கடிக்கிறார். சமையலறையில் கடிக்கிற சத்தம் முன்னறைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. “கேட்டுச்சா?” என்பார். மச்சினன் அங்கிருந்தே, “தெருவுக்கே கேட்டுச்சு மாமா!” என்பான். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்குத் தட்டு.

தெருவில் இவருக்கு மொறுமொறு மாமா என்று பெயர். சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை. வேலை ஓர் அச்சகத்தில், பெரிய மெஷினை ஓட்டுகிற மெஷின்மேன். தாளைத் தொட்டாலே எந்தப் பக்கம் மடியும், எந்தப் பக்கம் முறியும் என்று சொல்லிவிடுகிற ஆள். ஒருமுறை அச்சகத்தில் யாரோ வேலையை விட்டுப் போனதற்கு விருந்து வைத்தார்கள். அதில் ஸ்பிரிங் ரோல் வந்தது. எடுத்ததுமே ஓரம் பிரிந்து, உள்ளே இருந்த முட்டைகோஸ் சட்டைப் பையில் விழுந்தது. மற்றவர்கள் ருசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் பிரிந்துபோன ஓரத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத மடிக்கத் தெரியாதவன் மடிச்சிருக்கான்யா” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே ரோல் ஷீட் பாக்கெட்டும் கையுமாக வீட்டுக்கு வந்துவிட்டார். மற்ற நாளில் வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. கேட்டால், “அது வேற டிபார்ட்மெண்ட்” என்பார்.

அவர் ரோல் செய்கிற அழகை உட்கார்ந்து பார்க்க வேண்டும். முட்டைகோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய் எல்லாம் தீக்குச்சி கனத்துக்கு நறுக்க வேண்டும். அந்த வேலை மனைவிக்கு. ஒரு துண்டு தடித்துவிட்டால் பொறுக்கி எடுத்து அவளிடமே நீட்டுவார்: “இது என்ன, வேலிக்குக் கம்பா?” காய் தீயில் புரண்டதும் சோயா சாஸ், மிளகுத்தூள், ஒரு கை வெங்காயத்தாள். பிறகு அகலமான தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வைத்து, தொட்டால் ஜில்லென்று இருக்கும்வரை காத்திருப்பார். “சூட்டோட வெச்சா உள்ளயே வேர்த்துடும். அப்புறம் எப்படிம்மா மொறுமொறுங்கும்?” ஈரத்துணிக்கு அடியிலிருந்து ஷீட்டை ஒவ்வொன்றாக உருவி, ஒரு மூலையைத் தன் பக்கம் வைத்து, காயை வைத்து, ஒரு சுருட்டு, இரண்டு பக்கமும் ஒரு மடிப்பு, மறுபடி சுருட்டு. கடைசி முனைக்கு மைதாப் பசையைக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு. காற்றுப் புக இடமிருக்காது.

பொரிப்பதில்தான் அவருடைய பெரிய கொள்கை இருந்தது. நிறத்தைப் பார்க்கவே மாட்டார். “கலர் ஏமாத்தும்மா. எண்ணெய் பழசானா ஒரு கலர், பல்ப மாத்தினா ஒரு கலர். சத்தத்தக் கேளு.” ரோலை வாணலியில் இறக்கியதும் சோவென்று இரையும். கொஞ்ச நேரத்தில் சடசடப்பு. அப்புறம் அதுவும் தேய்ந்து, மெல்லிசாக ஒரு சீறல். “உள்ள ஈரம் இருக்கற வரைக்கும் எண்ணெய் பேசிட்டே இருக்கும். அது பேசி முடிச்சுதா, எடுத்துடணும்.” ஜல்லிக்கரண்டியைக் கையில் பிடித்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பள்ளிக்கூட வாசலில் மணியடிக்கக் காத்திருக்கும் தகப்பனைப் போல நிற்பார்.

அவர் முதுகுக்குப் பின்னால், சமையலறை ஸ்டூலில், அவர் மனைவி. சீருடை தைக்கிற கம்பெனியில் துணி வெட்டும் பிரிவில் வேலை. எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. ஒரு சட்டையில் பொத்தான் தளர்ந்திருந்தால், அது எந்த மெஷினில் தைத்தது, அந்த மெஷினில் என்ன கோளாறு என்றுவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். வாரம் பூராவும் ஓடுகிற இரண்டு பேருக்கும் ஞாயிறு மதியம்தான் பேச்சுக்கு நேரம். அவர் சுருட்டுவார், பொரிப்பார். அவள் நறுக்குவாள், பேசுவாள். கல்யாணமான புதிதிலிருந்து அப்படித்தான், அப்போது ரோலுக்குப் பதில் வேறு ஏதோ வேலை இருந்தது, அவ்வளவுதான்.

சமீபமாகத்தான் ரோல் நமத்துப்போக ஆரம்பித்தது.

முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “கேட்டுச்சா?” என்று குரல் வந்தது. “ம்... பரவால்ல மாமா” என்றான் மச்சினன். இழுத்த இழுப்பிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்த வாரமும் அதே கதை. முட்டைகோஸ்மேல் பழி போட்டார். தண்ணி விடுகிற காய் என்று திட்டினார். ஷீட் கம்பெனியை மாற்றினார். அடுப்பைப் பிரித்துத் துடைத்தார். மழை பெய்தால் மழையைச் சொன்னார், வெயில் அடித்தபோது மட்டும் வாய் அடைத்துப்போனது. அவர் மனைவிக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. காயைப் பிழிந்து பார்த்தாள். ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் ஒன்று கெட்டுப்போனால் அவளுக்குத் தூக்கம் வராது.

ஆனால் அவளை அரித்தது ரோல் மட்டுமில்லை. கம்பெனி ஊரின் மறுகோடியில் புதுக் கிளை திறக்கிறது. அதை நடத்தும் பொறுப்பை அவளிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். விடியும் முன்னே கிளம்ப வேண்டும், வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும். ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. கேரட்டை நறுக்கிக்கொண்டே அவரிடம் சொன்னாள். “பாத்துக்கலாம்” என்றார். திரும்பக்கூட இல்லை. மறு ஞாயிறும் சொன்னாள். “பாத்துக்கலாம், பாத்துக்கலாம்.” என் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம் இது, இதற்கு இவ்வளவுதானா பதில் என்று அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. “எண்ணெய் பேசறது மட்டும் நல்லா கேக்கும்” என்று முணுமுணுத்தாள். அதற்கும் “பாத்துக்கலாம்” என்றார். என் பேச்சு இவருக்கு அலுத்துப்போய்விட்டது, நான் ஸ்டூலில் இல்லாவிட்டாலும் இவருக்குத் தெரியாது என்ற நினைப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுநாள் திங்கட்கிழமை, கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்கிற ஞாயிறும் வந்துவிட்டது.

அன்று எண்ணெய் காய்ந்த நேரத்தில் மாடி வீட்டு டீச்சர் கதவுத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது என்று வந்து நின்றார். “ஒரு நிமிஷம், வந்துடறேன்” என்று அவர் ஸ்க்ரூ டிரைவரோடு போய்விட்டார். சுருட்டி வைத்த ரோல் காய்ந்துகொண்டிருந்தது. அவளே கரண்டியை எடுத்தாள். கொள்கை கிள்கை எல்லாம் அவளுக்குக் கிடையாது. பொன்னிறமானதும் எடுத்தாள். மச்சினன் பொறுக்காமல் ஒன்றை வாயில் போட, சுவரே விரிசல் விட்டதோ என்கிற மாதிரி சத்தம்.

“அக்கா! இதுதான் ரோலு! மாமாகிட்ட சொல்லிடாத” என்றான் வாய் நிறைய.

அவர் இறங்கி வந்தார். தட்டைப் பார்த்தார். “அட, போட்டுட்டியா?” என்றவர், பழக்கம் விடாமல் போய் மின்விசிறியை நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். அடுப்பருகே நின்ற அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. மொறுக்கென்று உடைந்து, சட்டை பூராவும் தூள் கொட்டியது. அவர் கண்ணைத் திறந்தார். முகம் வாடியிருந்தது.

“ப்ச். உனக்கும் வரலையேம்மா. நமத்துத்தான் இருக்கு.”

மச்சினன் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தான். அவளுக்குச் சுர்ரென்று வந்தது. நான் எது செய்தாலும் இவருக்கு ஆகாது என்று கத்த வாயெடுத்துவிட்டாள். அப்போதுதான் அவர் சட்டையில் கிடந்த தூளைப் பார்த்தாள். நமத்துப்போன ரோல் எங்கேயாவது தூள் கொட்டுமா? எடுத்த வாயை மூடிக்கொண்டாள். தம்பியைப் பார்த்து, சத்தம் போடாதே என்று கண்ணைக் காட்டினாள்.

அவர் மிச்ச ரோலை எண்ணெயில் இறக்கிவிட்டு, எப்போதும்போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவள் ஸ்டூலில் போய் உட்கார்ந்து, வழக்கமான பேச்சு மாதிரியே ஆரம்பித்தாள்.

“என்னங்க, ஒரு லாரி வாங்கலாம்னு இருக்கேன்.”

“பாத்துக்கலாம்.”

“வாசல்ல நிறுத்த எடமில்ல. உங்க கட்டிலத் தூக்கிப் போட்டுட்டு அங்க நிறுத்திக்கட்டுமா?”

“அதுக்கென்ன, பாத்துக்கலாம்.”

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் எழுந்து அவர் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தாள். வாணலியில் ரோலைச் சுற்றிக் குமிழ் குமிழாகப் பொங்கிக்கொண்டிருந்தது. சடசடப்பு இன்னும் நன்றாகக் கேட்டது. அவரோ தலையைச் சாய்த்து, திருப்தியாக ஒரு தடவை ஆட்டிக்கொண்டு, கரண்டியை எண்ணெயில் விட்டு ரோலை எடுக்க ஆரம்பித்தார். அவருக்கு மட்டும் எண்ணெய் சீக்கிரமே பேசி முடித்துவிடுகிறது. அவள் பேச்சும் அப்படித்தான் பாதியில் நின்றுபோயிருக்கிறது.

அலுத்துப்போகவில்லை! அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதன் பின்னாலேயே, ஐயோ, எத்தனை நாளாக இப்படி என்ற கவலையும் வந்தது. மச்சினன் விவரமானவன். “டீச்சருக்கு ரெண்டு குடுத்துட்டு வரேன்” என்று தட்டோடு கழன்றுகொண்டான்.

அவள் அவர் தோளைத் தொட்டாள். திரும்பினார்.

“எண்ணெய் நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சே.”

“எனக்கு இன்னும் கேக்குது.”

“உனக்குப் பாம்புச் செவி” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“லாரிய எங்க நிறுத்தறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

“என்ன லாரி?”

“இப்பதான் பாத்துக்கலாம்னீங்க.”

அவர் கரண்டியைப் பார்த்தார், வாணலியைப் பார்த்தார். சளி பிடித்திருக்கிறது என்றார். காதில் அழுக்கு என்றார். தெருவில் இரைச்சல் என்றார். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் அவராகவே இறங்கி வந்தார்.

“நீ பேசறது தெரியுதும்மா. குரல் வருது. என்ன பேசறேன்னுதான் புடிபடல. எதிர்ல நின்னா வாயப் பாத்துப் புடிச்சுக்குவேன். மெஷின் ரூம்ல எல்லாருமே அப்படித்தான், அந்த இரைச்சல்ல வேற என்ன பண்றது? வீட்லயும் அத வெச்சே ஓட்டிட்டேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

கரண்டியில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

“சொன்னா நீ பேசறத நிறுத்திட்டா? இந்த ஆள்கிட்ட ஒண்ணொண்ணையும் கத்திக் கத்திச் சொல்லணுமான்னு விட்டுட்டா? ஸ்டூல்ல ஒக்காந்து நீ பாட்டுக்குப் பேசிட்டிருப்ப. எனக்கு வார்த்த வரலன்னாலும் குரல் வருதில்ல. அது போதும்னு இருந்துட்டேன்.”

இந்த மனுஷனைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா? “அறிவிருக்கா உங்களுக்கு?” என்றாள். “நாளைக்கு நான் கம்பெனிக்குப் பதில் சொல்லணும். வாரா வாரம் உங்க முதுகுகிட்டதான் கேட்டுட்டிருந்திருக்கேன்.”

“என்ன பதில்? என்ன கேட்டே?”

சொல்ல ஆரம்பித்தாள். புதுக் கிளை என்பதற்குள்ளேயே அழுகை முட்டியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். விரலுக்குப் பின்னாலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே போனாள்.

அவர் அடுப்பை அணைத்தார். எண்ணெய்க் கையைச் சட்டையிலேயே துடைத்தார். அவள் தோள் இரண்டையும் பிடித்து ஜன்னல் பக்கம் நடத்திக்கொண்டு போய், முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரித் திருப்பி நிறுத்தினார்.

“ம். மொதல்லேருந்து சொல்லு” என்று, வாயைப் பொத்தியிருந்த அவள் கையை மெல்ல எடுத்துவிட்டார்.