அண்ணன் பேருக்கு நான் கொடுத்த குரல்

முதல் தடவை விழுந்தபோது மகன் என் இடுப்பில் இருந்தான். தொண்டை அடைத்தது, கைகால் உதறியது, சிமெந்துத் தரையில் கிடந்தேன். அவனுக்கு நெற்றியில் சின்ன வீக்கம்தான். ஆனாலும் அன்றே மாமியார் அவனைத் தன் காம்பராவுக்கு (அறைக்கு) தூக்கிப்போய்விட்டார். பால் கொடுக்க மட்டும், அவர் பக்கத்தில் இருக்க, என் மடிக்கு வருவான்.

நாங்கள் இருந்தது உக்குவளைக்கு மேலே ஒரு கொக்கோத் தோட்டம். டிஸ்பென்சரியில் தந்த வலிப்பு மாத்திரையைப் பதினொரு மாதம் விழுங்கினேன். வாரம் ஒருமுறை வந்தது மூன்றுமுறையானது. என்னைக் குடைந்தது வேறொன்று. உதறும்போது சுற்றியிருப்பவர்கள் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை வீட்டில் சொல்லிவிட்டேன்.

"காது கேக்குதுன்னா அது என்ன வலிப்பு? நடிக்கிறா," என்றார் மாமியார்.

கண்டியில் ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள் (தலையில் கம்பி ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் சோதனை). நல்லவேளை, அங்கேயே வலிப்பு வந்தது. பதிவில் ஒரு மாற்றமும் இல்லையாம். மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் யாழ்ப்பாணத்துப் பெண்.

"நீங்கள் நடிக்கேல்லை. வலிப்பு உண்மை. ஆனா மூளையின்ர மின்சாரத்தால வரேல்லை, மனசில கிடக்கிற பாரத்தால வருது," என்றார். கூடவே மனச்சோர்வும் (எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் வாட்டும் நோய்) இருப்பதாகச் சொன்னார். மாத்திரையை அவரே மெல்ல மெல்லக் குறைத்தார். இப்படி மாத்திரை எடுப்பவர்கள் யாரும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எப்போதும் தொண்டை முதலில் அடைப்பது ஏன் என்று கேட்டேன். சொல்லாமல் வைத்திருப்பது ஏதும் உண்டா என்று அவர் திருப்பிக் கேட்டார். மாமியார் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன்.

பிரட்டுக்களத்தில் (காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்) ஆள் வரப் பிந்தினால், வீட்டார் யாராவது "இருக்காங்கய்யா" என்று குரல் கொடுப்போம். எனக்குக் கல்யாணமான புதிதில், ஒரு காலை, ஆமிக்காரர்கள் (ராணுவத்தினர்) எங்களை அங்கே நிறுத்திப் பட்டியல் வாசித்தார்கள். அதே தோட்டத்தில் வேலை செய்த என் அண்ணன் கொக்கோ மரங்களுக்குள் ஒளிந்திருந்தார். அவர் பேர் வந்ததும் என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது: "இருக்காங்கய்யா."

அவர் தோட்டத்தில்தான் இருக்கிறார் என்று தெரிந்துபோக, தேடிப் பிடித்துக் கொண்டுபோனார்கள். இன்றுவரை தகவல் இல்லை. தோட்டமே கேட்டுக்கொண்டு நின்றது. ஆனால் யாரும் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்ததும் மாமியார் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"அன்னிக்கு எம் மகன் பேரைக் கூப்பிட்டிருந்தா, நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் புள்ள," என்றார். பிறகு அடுப்பு மூட்டப் போய்விட்டார். நான் வெகுநேரம் அழுதேன்.

வலிப்பு இன்னும் எப்போதாவது வருகிறது. இப்போது தொண்டை இறுகத் தொடங்குவது எனக்குத் தெரிகிறது. மகனைப் பாயில் விட்டுவிட்டு, பக்கத்தில் நானும் படுத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. நான்கைந்து மூச்சு அளவுதான். பட்டியல் வாசித்த அந்தக் காலையில், வாயை மூடிக்கொள்ள எனக்கு ஒரு மூச்சு நேரம் கிடைத்திருந்தால் போதும்.