மஸ்கட் நேரமும் மாமன் மடியும்

விமானம் என்றால் எங்கள் வீட்டில் நான்தான் பெரிய ஆள். இத்தனைக்கும் ஏறியது ஒரே ஒரு தடவை. மனைவியின் தம்பி, என் மச்சான், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று போனில் தேடி எல்லாரிடமும் அளப்பது என் வேலை.

மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். கடலூர் தாண்டிச் சிதம்பரம் போகும் சாலையில் எங்கள் குலதெய்வக் கோயில். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். பெரியவனுக்குக் குத்தியபோது மச்சானுக்கு லீவு கிடைக்கவில்லை. வேறொருவர் மடியில் உட்கார வைத்ததை வீடியோ காலில் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவன் யாரோடும் பேசவில்லை. இந்த முறை எப்படியோ மூன்று நாள் லீவு வாங்கிவிட்டான்.

டிக்கெட்டை எனக்கு அனுப்பினான். சென்னையில் இறங்குவது காலை ஐந்து பத்து. மஸ்கட் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும் என்பதால், மச்சான் ஒரு நேரம் சொன்னால் அதோடு ஒன்றரை மணியைக் கூட்டிக்கொள்வது எங்கள் வீட்டுப் பழக்கம். கூட்டினேன். ஆறு நாற்பது. வெளியே வர ஒரு மணி நேரம், காரில் நாலு மணி நேரம். பதினொன்று நாற்பது ஆகிவிடும்! போச்சுடா என்று உடனே அவனைக் கூப்பிட்டு, வந்து பிரயோஜனமில்லை, கேன்சல் செய்துவிடு என்றேன். "சரி மாமா" என்று மட்டும் சொன்னான். மனைவியின் பெரியப்பா மகனை மடிக்கு ஏற்பாடு செய்தேன்.

விஷயம் தெரிந்ததும் மனைவி கத்தவில்லை. போனை வாங்கி டிக்கெட்டைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பறக்கும் என்று கேட்டாள். மூன்று மணி இருபத்தைந்து நிமிடம் என்றேன், கெத்தாக.

"பன்னண்டேகாலுக்கு ஏறுறான். மூணு நாப்பதுதான ஆவுது? இதுல அஞ்சு பத்துன்னு போட்டிருக்கு. அந்த ஒன்றரை மணிய அவுங்களே கூட்டிட்டாங்க. நீங்க ரெண்டாவது வாட்டி கூட்டுறீங்க."

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள், ஏர்போர்ட் வாசலைக்கூட மிதிக்காதவள். சும்மா சொல்லக் கூடாது, அசந்துபோனேன். அவள் உடனே தம்பிக்குப் போன் போட்டாள். அவன் இன்னும் கேன்சல் செய்திருக்கவில்லை.

"அழுத்த மனசு வரலக்கா" என்றான்.

காதுகுத்து அன்று பத்து மணி தாண்டியும் அவனைக் காணோம். ஆசாரி அவசரப்படுத்தினார், பங்காளிகள் முணுமுணுத்தார்கள். நான் சாலைக்கும் கோயிலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவள் மட்டும் அசையவில்லை. குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, வந்துவிடுவான் என்று ஒரே வார்த்தையில் எல்லாரையும் நிறுத்தி வைத்திருந்தாள். என்ன தைரியம்! எனக்கு வராது.

பத்தேகாலுக்குக் கார் வந்தது. கசங்கிய சட்டையோடு ஓடிவந்து மணையில் உட்கார்ந்தான். நேரில் பார்த்திராத மாமனை என் மகள் வெறித்துப் பார்த்தாள். ஆசாரி கம்பியைச் செலுத்தியதும் வீறிட்டாள். என் மனைவி பதறிக் கையை நீட்டினாள். குழந்தை அவளிடம் தாவவில்லை. அழுதுகொண்டே மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.