சக்கரத்துக்குக் கட்டை போட்டவர்

சந்திரகிரிக்கு அப்பால், மலைச்சாலையில் சில நண்பர்கள் நடத்திய கார் பந்தயத்துக்கு ஒரு வருடம் நேரம் குறிக்கப் போயிருந்தேன். புறப்படும் இடமே மேடு. கார் பின்னால் உருண்டுவிடாதபடி சக்கரத்துக்குக் கட்டை போட ஒருவர் இருந்தார். நரைத்த மீசை, முழங்காலெல்லாம் செம்மண். கார் சீறிக் கிளம்பியதும் கட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த காரின் பின்னால் போய்க் குந்துவார். ஓட்டுகிறவர் முகத்தை மட்டும் பார்க்கவே மாட்டார். டீ குடிக்கும்போது ஏன் என்று கேட்டேன்.

"மூஞ்சியப் பாத்தா பேரு கேக்கத் தோணும் தம்பி. போன வருசம் ஒரு புள்ளயக் கேட்டேன். சிரிச்சிக்கினே சொல்லிட்டுப் போனான்."

அந்தப் பிள்ளையின் கார் மேல் வளைவில் பள்ளத்தில் உருண்டதையும், அவன் பிழைக்காததையும் அங்கே எல்லோரும் அறிவார்கள்.

சாயங்காலம், மேலே போன கார்கள் வரிசையாக இறங்கி வந்தன. அவர் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டையும் கையுமாக நின்றார். கடைசிக் காரும் வந்து நின்றது.

"எல்லாரும் வந்துட்டாங்கண்ணா" என்றேன்.

அவர் திரும்பினார். கார்களைப் பார்க்காமல் மேல் வளைவைப் பார்த்தார்.

"எல்லாருமா?"

அன்று போனவர்கள் அத்தனை பேரும் பத்திரமாகத்தான் வந்திருந்தார்கள். ஆனாலும் நானும் திரும்பி அந்த வளைவைப் பார்த்தேன்.