இரண்டு மணி நேரப் பயணம்

என் மனைவி கம்பத்தில் மரணப்படுக்கையில் இருந்தபோது, திருவனந்தபுரத்திலிருந்த எங்கள் ஒரே மகன் பக்கத்து ஊரான குமுளி வழியாகப் பஸ்ஸில் வருவதாகத் தந்தி கொடுத்தான். மதுரைக்கு விமானம் வராத காலம் அது. பூகோள ஆசிரியனான நான் வரைபடத்தை அளந்து, அங்கிருந்து திருச்சி விமான நிலையத்துக்குப் பறக்க இரண்டு மணி நேரமே ஆகும் என்று கணக்கிட்டு, விமானத்தில் வரும்படி பதில் தந்தி அடித்தேன்.

மறுநாள் காலையில் அவள் இறந்தாள். "மாலைக்குள் வந்துவிடுவான்" என்று உறுதியாகச் சொன்னேன். உறவினர் காத்திருந்தனர்.

பொழுது சாயும் வேளையில் பக்கத்து வீட்டு ராவுத்தர் என்னருகே வந்தார். "வாத்தியாரய்யா, பிளேனு திருச்சியிலதான எறங்கும்? அங்கன இருந்து ரயிலு, பஸ்ஸுன்னு வந்து சேர நாளைக்கு விடிஞ்சிருமே. பொழுதோட எடுத்துறணும்னு எல்லாரும் ஒங்க மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாக."

அந்த வழியை நான் அளக்கவே இல்லை. கொள்ளியை நானே வைத்தேன்.

விடிந்தபின் வந்த மகன் தாயின் முகத்தைக் காணவில்லை; என்னைக் கடிந்துகொள்ளவும் இல்லை. தூரத்தை இன்றும் பிழையின்றி அளப்பேன். எவருக்கும் வழி மட்டும் சொல்வதில்லை.